கயிலை சென்று காவிரிக்குத் திரும்பிய அரசர்

திருக்கயிலாயம் என்றதும் தமிழ் நெஞ்சங்களில் முதலில் எழுவது திருநாவுக்கரசரின் நினைவு. தள்ளாத முதுமையில் அந்த மலையைக் காண வடக்கு நோக்கி நடந்தார் அவர். பாதங்கள் தேய்ந்தபோது கைகளை ஊன்றிச் சென்றார். கைகள் தேய்ந்தபோது மார்பால் தவழ்ந்தார். அதுவும் இயலாதபோது உருண்டு சென்றார். ஆயினும் அவர் கயிலையை அடையவில்லை என்கிறது பெரிய புராணம். இறைவன் ஆணைப்படி அங்கிருந்த பொய்கையில் மூழ்கியவர், காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றுத் திருக்குளத்தில் எழுந்தார். அங்கேயே கயிலைக் காட்சியைக் கண்டார். மலையைத் தேடிச் சென்ற அடியாரை இறைவன் ஆற்றங்கரைக்கே திருப்பி அனுப்பினான். இந்த நிகழ்ச்சியின் உட்பொருள் ஆழமானது.

அதே காவிரி பாயும் மைசூர் நாட்டை ஆண்ட ஒருவர், இருபதாம் நூற்றாண்டில் கயிலைக்கு யாத்திரை சென்றார். அவர் மலையைக் கண்டார். பிறகு தம் ஆற்றங்கரைக்குத் திரும்பினார். அவர்தான் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். கன்னடத்தில் நால்வடி என்றால் நான்காமவர் என்று பொருள். பெங்களூருவின் கே.ஆர். மார்க்கெட்டில் நாள்தோறும் பூவும் காயும் வாங்கும் ஆயிரக்கணக்கானோர் அந்த இரண்டெழுத்தில் உச்சரிப்பது இவருடைய பெயரைத்தான். கிருஷ்ணராஜ சாகரம் என்று காவிரி அணையைச் சொல்லும்போதும் இவருடைய பெயரையே சொல்கிறோம்.

இளமையில் கண்ட நிலையாமை

கிருஷ்ணராஜர் 1884-ஆம் ஆண்டு ஜூன் 4 அன்று மைசூர் அரண்மனையில் பிறந்தார். தந்தை பத்தாம் சாமராஜேந்திர உடையார். தாய் மகாராணி கெம்பநஞ்சம்மணி. சாமராஜேந்திரர் ஆன்மிக நாட்டம் மிக்கவர். 1892-இல் பரிவ்ராஜகராக மைசூருக்கு வந்த சுவாமி விவேகானந்தரை வரவேற்று உபசரித்தவர் அவரே. பின்னர் 1894-இல் அமெரிக்காவிலிருந்து சுவாமிஜி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏழை பள்ளியைத் தேடி வர முடியாதென்றால் கல்விதான் ஏழையைத் தேடிச் செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது இளவரசருக்கு வயது பத்து.

அதே ஆண்டின் இறுதியில் பேரிடி விழுந்தது. கல்கத்தா சென்றிருந்த சாமராஜேந்திரர், தொண்டை அடைப்பான் நோயால் டிசம்பர் 28 அன்று அங்கேயே காலமானார். தந்தையைச் சிரித்த முகத்துடன் வழியனுப்பும் வயதிலிருந்த பிள்ளை, 1895 பிப்ரவரி 1 அன்று அரியணையில் அமர்த்தப்பட்டான். சிறுவன் வளர்ந்து பொறுப்பேற்கும்வரை தாய் வாணி விலாச சந்நிதானம் என்ற பட்டப் பெயருடன் நாட்டைப் பரிபாலித்தார். கணவனை இழந்த துயரத்தை உள்ளடக்கிக்கொண்டு, ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக அரசுப் பொறுப்பை ஏற்று நடத்திய அந்த அன்னையே கிருஷ்ணராஜரின் முதல் குரு எனலாம்.

1897-இல் மூத்த சகோதரியின் திருமண விழாவின்போது மரத்தாலான பழைய அரண்மனை தீப்பற்றி எரிந்தது. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தவை சில மணி நேரத்தில் சாம்பலாயின. இன்று மைசூரில் ஒளிவிளக்குகளுடன் காட்சி தரும் அரண்மனை அதன்பின் எழுப்பப்பட்டு 1912-இல் நிறைவுற்றது. பத்து வயதில் தந்தையின் மறைவு. பன்னிரண்டு வயதில் இல்லமே நெருப்பில் அழிந்த காட்சி. அரண்மனையில் பிறந்தும் எதுவும் நிலையல்ல என்பதை அவர் நூல்களில் கற்குமுன் வாழ்வில் கற்றார்.

1902 ஆகஸ்டு 8 அன்று, பதினெட்டு வயது நிரம்பியவுடன், முழு ஆட்சி அதிகாரம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அரசாட்சியே சாதனை

நிலையாமையை உணர்ந்தவர் உலகை விட்டு விலகுவதுண்டு. கிருஷ்ணராஜர் தேர்ந்தது வேறு வழி. தமக்கென்று எதுவும் நிலையல்ல என்பதால், கையிலுள்ளதைப் பிறருக்குப் பயன்படுத்த வேண்டும் என்பதே அவருடைய வாழ்வின் நெறியாயிற்று. 1876 முதல் 1878 வரை மைசூரைத் தாக்கிய கொடும் பஞ்சத்தில் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது. அந்த நினைவு நாட்டின் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருந்தது. நீர் இருந்தால்தான் சோறு. சோறு இருந்தால்தான் தர்மம். அவருடைய ஆட்சியின் பெரும்பணிகள் பலவும் காவிரியையே சுற்றி அமைந்தன.

திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் திட்டமிடப்பட்ட சிவசமுத்திர நீர்மின் நிலையம் 1902-இல் இயங்கத் தொடங்கியது. காவிரி அருவியில் பிறந்த மின்சாரம் முதலில் கோலார் தங்கச் சுரங்கத்திற்குச் சென்றது. 1905-இல் பெங்களூருவின் தெருக்களில் மின்விளக்குகள் எரிந்தன. இந்திய நகரங்களில் தெருவிளக்குக்கு மின்சாரம் பெற்ற முன்னோடிகளில் பெங்களூரு ஒன்றாயிற்று.

ஜாம்ஷெட்ஜி டாடா கனவு கண்ட அறிவியல் ஆய்வுக் கழகத்திற்காக மைசூர் அரசு பெங்களூருவில் 371 ஏக்கர் நிலத்தை வழங்கியது. 1911-இல் அதன் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியவர் கிருஷ்ணராஜரே. 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இந்தியச் சமஸ்தானங்களில் எழுந்த முதல் பல்கலைக்கழகம் அது. அதே ஆண்டு காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தராகவும் அவர் பொறுப்பேற்றார்.

1911-இல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர அணைப் பணிக்குத் தலைமைப் பொறியாளராக வழிகாட்டியவர், பின்னர் திவானாக உயர்ந்த விசுவேசுவரய்யா. இருவருக்கும் இடையே ஆழ்ந்த மதிப்பு இருந்தது. ஆயினும் ஒரு கட்டத்தில் கருத்து வேறுபாடு எழுந்தது. அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கையை ஆராய மகாராஜா 1918-இல் மில்லர் குழுவை நியமித்தார். தகுதி குறையும் என்று அஞ்சிய திவான் பதவியைத் துறந்தார். நாடே போற்றிய நிர்வாகியை இழக்க நேர்ந்தபோதும் அரசர் தம் முடிவிலிருந்து பின்வாங்கவில்லை. கல்வி ஏழையைத் தேடிச் செல்ல வேண்டும் என்று தந்தைக்கு வந்த கடிதம் மகனுடைய காலத்தில் செயலாகத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளின் கதவுகள் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்கும் திறக்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது, ஆணை நிலைத்தது.

காவிரி இரு நாடுகளுக்குப் பொதுவான நதி. மேலே அணை எழுந்தால் கீழே தஞ்சை வாடுமோ என்று சென்னை மாகாணம் கவலையுற்றது. நெடுங்காலம் நீடித்த பேச்சுவார்த்தைக்குப் பின் 1924-இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. மைசூரில் கிருஷ்ணராஜ சாகரமும், தமிழ்நாட்டில் 1934-இல் நிறைவுற்ற மேட்டூர் அணையும் அந்த உடன்படிக்கையின் நிழலில் வளர்ந்தவை. அதன் பின்னர் எழுந்த வழக்குகளை நாம் அறிவோம். ஓர் ஆற்றின் இரு கரையினரும் ஒருவர் பசியை மற்றவர் எண்ணிப் பார்க்க வேண்டிய கடமை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இசையிலும் அவர் தோய்ந்தவர். பல வாத்தியங்களை இசைக்கப் பயின்றிருந்தார். வீணை சேஷண்ணா, மைசூர் வாசுதேவாசாரியார் முதலியோர் அவருடைய அவையை அலங்கரித்தனர். நெல்லைச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அரசரின் ஆதரவில் சாமுண்டேசுவரி மீது 108 கீர்த்தனைகள் இயற்றினார். இத்தனைக்கும் நடுவே அதிகாலை வழிபாடும், ஒழுங்கு தவறாத அன்றாட நியமங்களும் அவருடைய வாழ்வில் இடையறாது நடந்தன.

மலைகளுக்கு அப்பால்

1931-ஆம் ஆண்டு. கிருஷ்ணராஜருக்கு வயது நாற்பத்தேழு. முழு அதிகாரம் ஏற்று இருபத்தெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. 1900-இல் மகாராணி பிரதாப குமாரியை மணந்த அவருக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. உலகப் பொருளாதார வீழ்ச்சி நாடெங்கும் உழவரையும் வணிகரையும் வாட்டிய காலம் அது. இந்தியாவின் எதிர்கால அரசியல் அமைப்பு பற்றி லண்டனில் வட்டமேஜை மாநாடுகள் நடந்துகொண்டிருந்தன. காவிரி அணை நிறைவை எட்டியிருந்தது. ஓர் அரசர் தம் சாதனைகளைக் கண்டு மகிழ்ந்திருக்கலாம். அல்லது எதிர்காலத்தை எண்ணிக் கவலையுற்று அரண்மனையிலேயே இருந்திருக்கலாம். அவரோ கயிலைக்கும் மானசரோவருக்கும் யாத்திரை புறப்பட்டார்.

கயிலை இருப்பது திபெத்தில். அது லாசாவிலிருந்து தலாய் லாமாவின் ஆட்சி நடந்த வேற்று நாடு. மொழி வேறு, உணவு வேறு, வழக்கங்கள் வேறு. அந்நாளில் இந்திய யாத்திரிகர் பெரும்பாலோர் நாடியது குமாவுன் மலைப்பாதை. இரயில் காத்கோதாமில் நின்றுவிடும். அங்கிருந்து அல்மோரா நகரம். அல்மோராவிலிருந்து கயிலை ஏறத்தாழ 380 கிலோமீட்டர். இதைக் கால்நடையாகவும், குதிரை மீதும், கூலியாட்கள் சுமக்கும் டாண்டி என்ற நாற்காலியிலும் கடக்க வேண்டும். போய்த் திரும்ப இரண்டு மாதங்கள் ஆகும். கணவாயில் பனி உருகும் ஜூன் முதல் மீண்டும் பனி மூடுமுன் உள்ள சில மாதங்களே யாத்திரைக் காலம். அதே மாதங்களில்தான் இமயத்தின் தென்சரிவுகளில் பருவமழையும் கொட்டும்.

அஸ்கோட்டையும் தார்ச்சூலாவையும் கடந்தால் பாதை காளி நதியின் பள்ளத்தாக்கில் நுழைகிறது. நதியின் மறுகரை நேபாளம். செங்குத்தான பாறையில் செதுக்கிய படிகளில் ஏறியும் இறங்கியும் செல்ல வேண்டும். ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் ஆழத்தில் நுரைத்தோடும் நதி. இந்தப் பாதையிலுள்ள மால்பா என்ற சிற்றூரில் 1998 ஆகஸ்டில் நேர்ந்த நிலச்சரிவில் கயிலை யாத்திரிகர்கள் உட்பட இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெங்களூரு அருகே நிருத்யகிராமம் என்ற நடனப் பள்ளியை நிறுவிய புரோதிமா பேடியும் அவர்களில் ஒருவர். வானொலியும் ஹெலிகாப்டரும் வந்த காலத்திலேயே அப்பாதை அவ்வளவு கொடியதென்றால், 1931-இல் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்திய எல்லைக்குள் கடைசிப் பெரிய ஊர் கர்ப்யாங். அங்குள்ள போட்டியா மக்கள் தலைமுறைகளாகத் திபெத்துடன் வாணிபம் செய்தவர்கள். இங்கிருந்து தானியமும் துணியும் போகும். அங்கிருந்து கம்பளி, உப்பு, வெண்காரம் வரும். யாக்கும் மாடும் கலந்து பிறந்த ஜப்பு என்ற விலங்கு சுமை தூக்கும். வழியையும் மொழியையும் வானிலையையும் அறிந்த அம்மக்களின் துணையின்றி எந்த யாத்திரிகரும் கயிலை காண இயலாது. அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டே காவியுடுத்த துறவியும் செல்வந்தரும் லிபுலேக் கணவாயில் ஏறினர். அதன் உயரம் 5,000 மீட்டருக்கும் அதிகம். கணவாயைத் தாண்டி இறங்கினால் திபெத்தின் தக்லாக்கோட் சந்தை. குன்றின் மீது பௌத்த மடாலயம். கீழே கூடாரங்களில் வணிகர் கூட்டம்.

மலை அரசனை அறியாது

மைசூர் மகாராஜாவுக்கு ஆங்கில அரசு அளித்த மரியாதை 21 பீரங்கிக் குண்டு முழக்கம். இந்திய மன்னர்களில் மிகச் சிலருக்கே கிட்டிய தகுதி அது. தசராத் திருவிழாவில் தங்க அம்பாரியில் யானை மீது அவர் பவனி வரும்போது நகரமே திரண்டு நிற்கும். சொந்த நாட்டில் அவர் செல்லும் வழியெல்லாம் முன்னரே சீர் செய்யப்பட்டிருக்கும்.

திபெத்தின் பீடபூமியில் அந்த மரியாதைகளுக்குப் பொருள் இல்லை. அரசர் என்பதால் உடன்வருவோரும் பொருள் வசதியும் ஏழை யாத்திரிகருக்கு இருப்பதைவிட மிகுதியாகவே இருக்கும். ஆனால் காற்றை விலைக்கு வாங்க முடியாது. மைசூர் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் உள்ளது. மானசரோவர் ஏரியின் நீர்ப்பரப்போ 4,500 மீட்டருக்கும் மேல். கயிலையை வலம்வரும் பாதையின் உச்சியான டோல்மா கணவாய் 5,600 மீட்டரைக் கடந்தது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ பாதிதான். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும், உறக்கம் வராது, உணவு செல்லாது. மன்னரின் நுரையீரலும் கூலியாளின் நுரையீரலும் அங்கே ஒன்றே. மலையில் பிறந்து வளர்ந்த கூலியாளே அங்கு வலியவர். அரியணையில் அமர்ந்தவர் அவருடைய தோளை நம்பியிருப்பவர்.

தக்லாக்கோட்டிலிருந்து வடக்கே குர்லா கணவாயை ஏறியதும், இதுவரை மறைந்திருந்தவை ஒருங்கே தோன்றுகின்றன. ஒருபுறம் இராட்சச தாலம். மறுபுறம் ஏறத்தாழ 88 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மானசரோவர். அவற்றிற்கப்பால் தனித்து நிற்கும் வெண்பனிச் சிகரம். கயிலையின் உயரம் 6,638 மீட்டர். இமயத்தில் இதைவிட உயர்ந்த சிகரங்கள் பல உண்டு. ஆயினும் இந்துக்களும், பௌத்தர்களும், சமணர்களும், திபெத்தின் தொன்மையான போன் சமயத்தாரும் ஒருசேர வணங்கும் சிகரம் இதுவே. மனிதக் காலடி படாத சிகரமும் இதுவே. இங்கு ஏறுவது வழிபாடு அன்று. சுற்றி வருவதே வழிபாடு. வெற்றி கொள்வதற்கன்றி வணங்குவதற்கென்றே நிற்கும் மலையின் முன் ஓர் அரசன் நிற்பது பொருள் பொதிந்த காட்சி.

வலம்வரும் பாதை 52 கிலோமீட்டர். அதன் கடினமான ஏற்றத்தின் வழியில் யாத்திரிகர்கள் தம் ஆடையொன்றையோ, தலைமுடிக் கற்றையையோ விட்டுச் செல்வது திபெத்தியர் வழக்கம். பழைய வாழ்வை அங்கே துறந்து புதிதாய்ப் பிறப்பதன் அடையாளம் அது. விழுந்து வணங்கி, விழுந்த இடத்தில் எழுந்து, மீண்டும் விழுந்து வணங்கி மலை முழுவதையும் உடலால் அளக்கும் எளிய திபெத்தியர்களை அங்கு காணலாம். அப்பரடிகளின் பக்தி வேற்று மொழி பேசும் மக்களிடத்தும் உயிருடன் இருப்பதை அங்கே நேரில் காணலாம்.

இந்தச் சூழலில்தான் கிருஷ்ணராஜர் கயிலையையும் மானசரோவரையும் தரிசித்தார். சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா, கர்னாலி ஆகிய நான்கு பெருநதிகள் அந்த வட்டாரத்திலேயே பிறக்கின்றன. ஒரு நதிக்கு அணை கட்டுவதில் இருபது ஆண்டுகள் கழித்தவர், நதிகள் மனிதனைக் கேளாமல் பிறக்கும் இடத்தைக் கண்டார். நீரை நாம் உண்டாக்குவதில்லை. சற்று நேரம் தேக்கி வைக்கிறோம், பிறகு விட்டுவிடுகிறோம். அதிகாரமும் அத்தகையதே.

திரும்பி வந்தவர்

யாத்திரையின் பெருமை சென்றதில் பாதிதான். திரும்பி வந்து எவ்வாறு வாழ்கிறோம் என்பதே மறுபாதி. கிருஷ்ணராஜர் கயிலையில் தங்கிவிடவில்லை. திரும்பியபின் துறவும் பூணவில்லை. காவிரிக் கரையின் பணிகள் அவருக்காகக் காத்திருந்தன. குன்றைக் குடைந்து அமைத்த கால்வாய் வழியே கிருஷ்ணராஜ சாகரத்தின் நீர் மாண்டியாவின் வறண்ட நிலங்களை அடைந்தது. புழுதி பறந்த இடத்தில் நெல்லும் கரும்பும் விளைந்தன; சர்க்கரை ஆலை எழுந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் நிறைவுற்று, பெருகிவந்த பெங்களூருவின் தாகம் தணித்தது. 1934-இல் அன்னை மறைந்தார். அவருடைய பெயர் தாங்கிய வாணி விலாஸ் மருத்துவமனை 1935 முதல் பெங்களூருவில் தாய்மார்க்கும் குழந்தைகளுக்கும் சேவை செய்து வருகிறது.

இமயத்தோடு இணைந்த மற்றொரு பணியும் அக்காலத்தில் மலர்ந்தது. யோகாசாரியர் திருமலை கிருஷ்ணமாசாரியார், கயிலைப் பகுதியில் இராமமோகன பிரம்மசாரி என்ற குருவிடம் பல ஆண்டுகள் யோகம் பயின்றதாகக் கூறியவர். அவரை ஆதரித்த மகாராஜா, ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை அமைத்துக் கொடுத்தார். அங்கு பயின்ற பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிசும் பின்னாளில் யோகத்தை உலகெங்கும் கொண்டு சென்றனர். வெளிநாட்டுப் பெண்மணியான இந்திரா தேவிக்குக் கற்பிக்க ஆசாரியர் தயங்கியபோது, அவரை ஏற்கச் செய்தது மகாராஜாவின் வற்புறுத்தலே. குகையில் மறைந்திருந்த கல்வி குடும்பத்தாருக்கும் பெண்களுக்கும் பிற நாட்டாருக்கும் திறக்கப்பட்டது. கிருஷ்ணமாசாரியார் பின்னர் சென்னையில் குடியேறி 1989-இல் மறையும்வரை கற்பித்ததைத் தமிழ்நாட்டு அன்பர்கள் அறிவர்.

யாத்திரை சென்று வந்தவருக்குச் சோதனைகள் நின்றுவிடவில்லை. பொறுப்பாட்சி வேண்டி மைசூர் மக்கள் போராடத் தொடங்கினர். 1938 ஏப்ரலில் விதுராசுவத்தம் என்ற ஊரில் தேசியக் கொடி ஏற்றக் கூடிய மக்கள் மீது போலீசார் சுட்டதில் பலர் மாண்டனர். அந்த ஆட்சியின் மீது படிந்த ஆறாத கறை அது. சர்தார் பட்டேலின் முயற்சியால் சமரசம் ஏற்பட்டது. தேசியக் கொடியும் மைசூர்க் கொடியும் அருகருகே பறக்க வழி பிறந்தது. கயிலை கண்டவரின் அரசிலும் பிழை நேரலாம். தரிசனம் மனிதனைத் தவறுக்கு அப்பாற்பட்டவனாக ஆக்கிவிடுவதில்லை. தவறு நேர்ந்தபின் இறங்கி வரும் பணிவைக் கற்றுத்தருகிறது. அதைக் கற்றோமா என்று சோதிக்கும் களம் அன்றாடக் கடமையே.

பெங்களூருவில் நிறைவு

1940-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அரசரின் ஒரே தம்பியும் பட்டத்து இளவரசருமான கண்டீரவ நரசிம்மராஜ உடையார் காலமானார். அந்த இழப்பு நேர்ந்து ஐந்து மாதங்கள் நிறைவதற்குள், ஆகஸ்டு 3 அன்று, கிருஷ்ணராஜர் பெங்களூரு அரண்மனையில் இறைவனடி சேர்ந்தார். வயது ஐம்பத்தாறு. தம்பியின் மகன் ஜயசாமராஜேந்திர உடையார் அரியணை ஏறினார். ஏழே ஆண்டுகளில் மைசூர் சுதந்திர இந்தியாவுடன் இணைந்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அரச பரம்பரையின் ஆட்சி முடிவுற்றது. அரியணை போயிற்று, அணை நிற்கிறது. பீரங்கி முழக்கம் ஓய்ந்தது. பள்ளியும் மருத்துவமனையும் இருக்கின்றன. மக்கள் இன்றும் அவரை ராஜரிஷி என்று அழைக்கிறார்கள்.

கயிலைப் பாதையும் பல மாற்றங்களைக் கண்டுவிட்டது. 1962 போருக்குப் பின் மூடப்பட்ட வழி இந்திய யாத்திரிகர்களுக்கு 1981-இல் மீண்டும் திறந்தது. பெருந்தொற்றால் 2020-இல் நின்ற யாத்திரை 2025-இல் மறுபடி தொடங்கியது. அன்று வாரக்கணக்கில் நடந்த தொலைவின் பெரும்பகுதியை இன்று வண்டியில் கடக்கலாம். ஆனால் டோல்மா கணவாயில் மூச்சு இன்றும் அதே போல்தான் வாங்குகிறது. அங்கே இன்றும் எவருக்கும் பட்டமோ பதவியோ உதவுவதில்லை.

நம்மில் பெரும்பாலோர்க்குக் கயிலை செல்லும் வாய்ப்பு அமையாமல் போகலாம். அதனால் குறையொன்றும் இல்லை. அப்பரடிகளுக்குத் திருவையாற்றிலேயே கயிலை கிடைத்தது. மலைவரை சென்று கண்ட மைசூர் அரசரும் இறுதியில் திரும்பி வந்து தொண்டாற்றியது காவிரிக் கரையில்தான். நமக்கென்று ஒரு வீடு, ஒரு தெரு, ஓர் அலுவலகம், நம்மை நம்பியிருக்கும் சில மனிதர்கள் என்று இறைவன் ஒரு கரையைத் தந்திருக்கிறான். பெருமைகளை இறக்கி வைத்துவிட்டு, மலைமுன் நிற்பவரின் பணிவோடு அந்தக் கரைக்கு நாள்தோறும் திரும்ப முடிந்தால், கயிலை நமக்குத் தொலைவில் இல்லை.